தராசை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்த பழைய புத்தக வியாபாரி ஒருவர் போனில் கூப்பிட்டார். வாலாஜாவில் ஒரு வீட்டை இடிக்கப் போகிறார்கள், பரணில் கிடந்த புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள், இரண்டு மூட்டை, 31 கிலோ, கிலோ 14 ரூபாய், மொத்தம் 434 ரூபாய் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். உள்ளே பொன்னியின் செல்வன் இருந்ததாம். கல்கி இதழில் 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்தபோதே வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு வைத்துத் தைத்த பைண்டு வால்யூம்கள். அதை மட்டும் அன்று சாயங்காலமே ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார். "செம வேட்டை" என்றார். எனக்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தொழிலில் இதைத் திறமை என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆரணியில் நான் செய்ததைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது.

2009-ல் ஆரணியில் ஒரு நெசவுக்காரர் வீடு. தறி நின்றுபோய் வருஷமாகிவிட்டது. கூடத்து மூலையில் ஒரு ட்ரங்குப் பெட்டி. அந்த வீட்டு ஆயா அதைத் திறந்து காட்டி, "எல்லாம் எங்கூட்டுக்காரர் படிச்சது நைனா. அவரே போயிட்டாரு, இது இன்னாத்துக்கு எடத்த அடச்சிக்கினு" என்றார். மேலாகப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனந்தபோதினி இதழ்கள். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் நான்கைந்து. அடியில் ஆரணி குப்புசாமி முதலியார் நாவல்கள் இரண்டு. ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தவர், ஆனந்தபோதினியின் ஆசிரியராக இருந்தவர். நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாடு முழுக்க வாசித்த மனிதர். அவருடைய புத்தகம் அவருடைய ஊரிலேயே ஒரு வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தராசில் தொங்கவிட்டேன். 11 கிலோ. கிலோ 6 ரூபாய். 66 வந்தது. எழுபதாகக் கொடுத்தேன். ஆயா மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

நாவல்களில் ஒன்றின் கடைசித் தாளில் கையெழுத்து இருந்தது. காப்பியிங் பென்சில், ஈரம் பட்ட இடமெல்லாம் ஊதா படர்ந்திருந்தது. பிள்ளைகள் பிறந்த விவரம். வருஷம், மாதம், கிழமை, நட்சத்திரம், நாழிகை என்று வரிசையாக நான்கு பிறப்பு. மூன்றாவது வரிக்கு நேரே மட்டும் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தது. முதல் வரி 'விஜய வருஷம் ஆவணி மாதம்' என்று ஆரம்பிக்கும். அதை நான் படித்தது வருஷம் பார்ப்பதற்காக மட்டும்தான். அப்புறம், 'கிறுக்கல் உள்ள காப்பி, விலை குறையுமே' என்று கவலைப்பட்டேன். பைண்டரிடம் கொடுத்தேன். அவர் எல்லோருக்கும் செய்வதைப் போலவே முன்னும் பின்னும் இருந்த பழைய தாளை எடுத்துவிட்டு, புதுத்தாள் ஒட்டி, மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி, கலிக்கோ துணி அட்டை போட்டுப் பளிச்சென்று கொடுத்தார். இரண்டு நாவலும் சேர்ந்து 1,800 ரூபாய்க்குப் போயின.

2013-ல் அந்த ஆயாவின் பேரன் பஸ் ஏறி என்னைத் தேடிக்கொண்டு வேலூர் வந்தான். "அண்ணா, அந்தப் பெட்டியில ஒரு கதப் புஸ்தகம் இருந்திச்சே. கடைசித் தாளுல தாத்தா எழுதி வெச்சிருந்தாராம். அப்பாவுக்கு அறுபதாங் கல்யாணம் வெக்கணும். நட்சத்திரம் சரியா யாருக்கும் தெரியல. ஜாதகம் வீடு மாறும்போது தொலஞ்சிடுச்சி" என்றான்.

தமிழ் வருஷம் அறுபதும் ஒரு சுற்று. 1953 விஜய வருஷம். 2013 மறுபடியும் விஜய வருஷம். பிறந்த வருஷம் திரும்பி வரும்போதுதான் அறுபதாம் கல்யாணம். அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தாள் தேவைப்பட்டதே அந்த ஒரு வருஷத்தில்தான். அது பைண்டர் கடைக் குப்பையில் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆவணி என்பது எனக்கு ஞாபகம் இருந்தது, சொன்னேன். நட்சத்திரம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தப் பையன் கோபப்படவில்லை, "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் படியிறங்கிப் போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் வாங்கும் புத்தகத்தை எடைக்கு வாங்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

காயலாங்கடை வேறு. அங்கே புத்தகம் ஏற்கெனவே காகிதமாகிவிட்டது. சாயங்காலம் லாரி வந்தால் கூழாகப் போய்விடும். அங்கே எடை விலையில் எடுத்தால் அது காப்பாற்றுவதுதான். கடைக்காரருக்கு மேலே ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த தடவை பழைய அட்டை எது கண்ணில் பட்டாலும் ஒதுக்கி வைப்பார். வீடு அப்படி இல்லை. வீட்டில் எதிரே நிற்பவருக்குத் தன்னிடம் இருப்பது என்ன என்று தெரியாது, நமக்குத் தெரியும். தெரிந்தவன் தெரியாதவரிடம் தராசைத் தூக்கிப் பிடிப்பது எனக்கு இப்போது வியாபாரமாகவே படவில்லை.

"விலையைச் சொன்னால் கொடுக்க மாட்டார்கள், லட்சம் கேட்பார்கள்" என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்கத்தான் செய்வார்கள். பழசு என்றாலே லட்சம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்கு மருந்து திண்ணையில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து பார்ப்பதுதான். ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

நான் முதலில் விலையைப் பார்க்கச் சொல்வேன். அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, நயா பைசா என்றால் அதற்குப் பிந்தையது. பிறகு எழுத்து. லை, னை, றா, னா எல்லாம் பழைய வடிவில் இருந்தால் 1978 சீர்திருத்தத்துக்கு முன்னால் கோத்த அச்சு என்று வைத்துக்கொள்ளலாம். அச்சுக்கூடத்தின் பெயரும் ஊரும் எங்காவது இருக்கும், 1867-ல் வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. முகப்பில் தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால்தான் சிக்கல். விஜய என்றால் 1893-ஆகவும் இருக்கலாம், 1953-ஆகவும் இருக்கலாம். அங்கே விலையும் காகிதமும் மொழிநடையும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொல்லும். சந்தி பிரிக்காமல் ஒரே கோவையாக ஓடுகிற வாக்கியமா, இருபதாம் நூற்றாண்டு உரைநடையா என்பது இரண்டு பக்கம் படித்தாலே தெரிந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுத்தால் வீட்டுக்காரர்களே ஒவ்வொன்றாக எடுத்து "இது அணா, இது பைசா" என்று பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எது போகும், எது போகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். பழைய சட்டப் புத்தகத் தொகுதிகள் பார்க்க கம்பீரமாக இருக்கும், வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். பல தடவை மறுபடி மறுபடி அச்சான பக்தி நூல்களும் அப்படித்தான். உ.வே.சா.வின் 1887 சீவக சிந்தாமணி, 1892 சிலப்பதிகாரம், 1894 புறநானூறு மாதிரி முதல் பதிப்பு நல்ல நிலையில் கிடைத்தால் அது பெரிய விஷயம், அதை நான் தனியாக விலை பேசுவேன். நம் பக்கத்துக்கென்று சில உண்டு. காக்ஸ் எழுதி 1881-ல் வந்த வட ஆற்காடு மாவட்ட மேனுவல், அதாவது மாவட்ட விவரக் கையேடு, பிறகு ஸ்டூவர்ட் திருத்தி 1894, 95-ல் இரண்டு தொகுதியாக வந்தது. சித்தூர் தலைநகராக இருந்த காலத்து வட ஆற்காடு அதில் இருக்கிறது. ஆற்காடு மிஷன்காரர்கள் அச்சிட்ட சின்னச் சின்னப் பிரசுரங்களும் வரும். ஆனால் ஆட்கள் துரத்தித் துரத்தித் தேடுவது பல சமயம் யாரும் மதிக்காத பொருளைத்தான். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பெரிய எழுத்துக் கதை, 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த முத்து காமிக்ஸ். படித்துக் கிழித்துத் தூக்கிப் போட்டவை என்பதால்தான் இன்று கிடைப்பதில்லை.

அப்புறம் கணக்கு. நான் விற்கக்கூடிய விலை இவ்வளவு என்று நினைக்கிறேன், அதில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, நல்ல சரக்காக இருந்தால் பாதி என்று நேராகவே சொல்லிவிடுவேன். மீதி எதற்கு என்றும் சொல்வேன். சில புத்தகம் பத்து நாளில் போகும், சிலது ஆறு வருஷம் என் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பூச்சி பார்க்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், பார்சல் கட்ட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு "மாட்டேன்" என்று சொன்னவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். ஒரு வீட்டில் ஒழுங்காக நடந்துகொண்டால் அவர்களே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு நல்ல சரக்கு எல்லாம் அப்படி வந்ததுதான்.

பழைய புத்தகத்துக்குக் காசு வாங்குவதே பாவம், நூலகத்துக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கப் புத்தகம் மட்டுமில்லாமல் அழைப்பிதழ், நோட்டீஸ் வரைக்கும் சேர்த்தவர். அவர் 1992-ல் காலமான பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்துத்தான் வாங்கியது. வாங்கியதைக் கடல் கடந்து கொண்டுபோகவும் இல்லை, இன்றைக்கும் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. விலை கொடுத்ததால்தான் அது சிதறவில்லை.

நான் தொடாத சரக்கும் உண்டு. நூலக முத்திரை இருந்து, நூலகமே கணக்கிலிருந்து நீக்கியதற்கான குறிப்பு இல்லை என்றால் வாங்க மாட்டேன், எந்த நூலகமோ அங்கேயே கொடுத்துவிடச் சொல்வேன். ஓலைச்சுவடியும் அப்படியே. 75 வருஷத்துக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 'கிளீன் காப்பி இருக்கா' என்ற கேள்வியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பதால்தான் நாங்கள் தாளைக் கிழிக்கிறோம், வெட்டுகிறோம், பேர் எழுதிய பக்கத்தை எடுத்துவிடுகிறோம். அச்சான பக்கங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன, யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஊதாப் பென்சிலில் எழுதிய வரி மட்டும் உலகத்திலேயே அந்த ஒரு காப்பியில்தான் இருக்கிறது. இப்போது நான் பைண்டரிடம் கொடுக்கும்போது ஓரம் வெட்டக் கூடாது, பழைய தாள் ஒன்றுகூடப் போகக் கூடாது என்று சீட்டு எழுதி உள்ளே வைத்துவிடுகிறேன். எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் அவர்கள் சம்மதித்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்கிறேன்.

போன மாதம் குடியாத்தத்தில் ஒரு பெரியவர் வீட்டில் பதினைந்து புத்தகம் பார்த்தேன். ஒன்றில் அவர் அப்பா எழுதிய கடன் கணக்கு, இரண்டு பக்கம். படிக்கச் சொன்னார். படித்தேன். புளி, கைத்தறி நூல், வைத்தியருக்கு ஒண்ணே கால் ரூபாய் என்று போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு மற்ற பதினாலுக்கு மட்டும் விலை பேசினோம்.

இங்கே படிக்கிறவர்களில் வாலாஜா, ஆற்காடு, ஆரணி, ஆம்பூர் பக்கம் சொந்த வீடு உள்ளவர்கள் நிறையப் பேர். பரணில் பெட்டி இருந்தால் சித்திரை வெயில் ஏறுவதற்குள் இறக்குங்கள். மரக்கூழில் செய்த காகிதத்தில் அமிலம் உண்டு, ஓட்டுக்கு அடியில் நம் ஊர்ச் சூட்டில் கிடந்தால் தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்கியதற்கு செல்லோ டேப் மட்டும் போடாதீர்கள். இறக்கியதும் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் தாளையும் கடைசித் தாளையும் திருப்பிப் பாருங்கள், கையெழுத்து இருந்தால் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்புங்கள். அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள், விலை பேசலாம்.