கார்டுக்காரன் பேசுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், சிக்கின வலையை எடுக்க, எங்கிருந்தோ வாடகைக்கு வந்த காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நம்ம பையன் ஒருத்தன் வள்ளத்திலிருந்து சாடுகிறான். வலையோடு மேலே வருகிறான். மூக்கில் ரத்தம். கீழே "கடல் மகன்டா" என்று ஒரே ஆரவாரம். "பயிற்சி இல்லாம இப்படிச் செய்யாதீங்க மக்கா" என்று ஒரு வரி எழுதினேன். சிலிண்டரோடு முங்கும் ஸ்கூபா பயிற்சி முடித்துக் கார்டு வாங்கினவன் நான். அன்றிலிருந்து என் பெயர் கார்டுக்காரன்.

சந்தோஷம்.

எங்க அப்பா கடியபட்டணத்தில் சிப்பி எடுத்தவர். ஒரு உளி, ஒரு வலைப்பை. மூச்சைப் பிடித்து இறங்கி, பாறையில் இருப்பதைப் பெயர்த்து, மேலே வருவார். அந்தக் காசில் சோறு தின்றவன் நான். அவர் மூச்சுக்கு முன்னால் என் கார்டு தூசு என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் அந்த வித்தையேதான் சிலிண்டரோடு இறங்கினால் ஆளைக் கொல்லும். அப்பா மேலே இழுத்த காற்று கீழே போகப் போகச் சுருங்கும், திரும்பும்போது பழைய அளவுக்கே வரும். சிலிண்டர் கட்டினவன் 10 மீட்டரில், மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்திலேயே நெஞ்சு நிறைய இழுக்கிறான். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும், குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். அதனால்தான் முதல் பாடமே மூச்சைப் பிடிக்காதே. பயந்துபோனால் நம்ம பையன் என்ன செய்வான்? சின்ன வயசிலிருந்து பழகினதைச் செய்வான். பிடிப்பான்.

"ஒண்ணும் ஆகலியே?" ஆமா, ஆகல. மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துங்க.

முதல் கார்டுக்கு அடுத்த படியான அட்வான்ஸ்டு கோர்ஸைப் பற்றி, "அட்வான்ஸ்டுன்னா என்ன, அஞ்சு டைவ், பரீட்சைகூடக் கிடையாது, காசு புடுங்குற வேலை" என்று ஒரு அண்ணன். காசு அதிகம்தான். ஆனால் அண்ணே, முதல் கார்டுக்கு 18 மீட்டர் ஆழம் வரை, அட்வான்ஸ்டுக்கு 30 வரை. அந்த அஞ்சில் ஆழத்துக்குப் போவதும் காம்பஸ் பார்த்து வழி பிடிப்பதும் கட்டாயம். 30 மீட்டரில் பயிற்சியாளர் ஒரு சிலேட்டை நீட்டி கூட்டல் கணக்குப் போடச் சொன்னார். படகில் சட்டென்று போட்ட அதே மாதிரிக் கணக்கு. கீழே பென்சிலைப் பிடித்தபடி இளித்துக்கொண்டு இருந்தேன். நைட்ரஜன் போதை, ஆழத்தில் இழுக்கிற காற்றில் இருக்கும் நைட்ரஜனே புத்தியை மயக்குவது. குடித்தவனுக்காவது குடித்தது தெரியும். போதாததற்கு மேலே இழுக்கிற ஒரு மூச்சுக்கு அங்கே நாலு மடங்கு காற்று காலியாகும். இதெல்லாம் பக்கத்தில் ஒருத்தர் கண் வைத்திருக்கும்போது நடக்கலாமா, வலைக்குள் கால் மாட்டினபிறகு நடக்கலாமா? பரீட்சை இல்லையாம்!

அப்புறம் ரெஸ்க்யூ கோர்ஸ், ஆபத்தில் இருப்பவனை மீட்கும் பயிற்சி. பதறுகிறவன் முன்னால் போனால் உன் மாஸ்க்கைப் பிடுங்கி உன்னையும் அமுக்குவான். எந்தப் பக்கமாக நெருங்குவது, மூச்சு நின்றவனுக்குத் தண்ணீரில் வைத்தே எப்படி ஊதுவது என்று உடம்பு பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். அதைச் செய்து பார்த்துவிட்டு வந்து கேலி பண்ணுங்கள்.

"நமக்கு எவனோ வந்து கடலைச் சொல்லித்தரணுமா?" இதுதான் வலித்தது. கடலை யார் சொல்லித்தந்தார்கள்? பார் எங்கே கிடக்கிறது, நீவாடு, அதாவது நீரோட்டம், எப்போது திரும்பும் என்பது எந்தக் கோர்ஸிலும் இல்லை. அது நம்மகிட்ட இருக்கு. சிலிண்டர் நம்மளது இல்லை, அதைப் படிக்கத்தான் வேணும்.

கடலில் ஆள் போனால் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்கள்? 2017 ஒக்கி புயலில் நம்ம ஆட்களைத் தேடி நம்ம ஆட்களே போனது மறந்தாச்சா? உடலை எடுத்துக் கொடுத்தால் ஒரு டீ, ஒரு போட்டோ, நடுவில் அதிகாரி. வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் "சர்டிபிகேட் இருக்கா தம்பி?" இல்லாதவன் வெளியே. உள்ளே போகிறவனுக்கு நம்ம பார் எது, பாறை எது என்று தெரியாது. அப்போ கார்டு வேணுமா வேண்டாமா? சொல்லுங்க.

திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க வெடி போடக் காசு இருக்கு. அதில் பாதியை ஒதுக்கி ஊரில் நாலு பையன்களுக்கு ரெஸ்க்யூ வரைக்கும் கட்டலாம் என்று போன கூட்டத்தில் கேட்டேன். வெடிச் செலவைக் குறைக்கச் சொன்னதற்கு இன்னும் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை.