காலிக் கூடுதான் வேணும்னா என்கிட்டக் கேட்டிருக்கலாமே

நேற்றிலிருந்து அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். மூன்று தடவை பார்த்துவிட்டேன். "பழசுக்குப் புது உயிர்" என்று தலைப்பு, பின்னால் உருக்கமாக ஒரு புல்லாங்குழல், கீழே இதயம் இதயமாகக் கமென்ட். அதில் வரும் கமடோர் 64, அந்த எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர், யார் வீட்டிலிருந்து போனது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்துதானே அனுப்புகிறீர்கள்? போதும்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். அது ஓடிக்கொண்டிருந்த மெஷின். ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பிரித்து, உள்ளே இருந்த சர்க்யூட் போர்டைப் பிடுங்கி ஓரமாக எறிந்துவிட்டு, ராஸ்பெரி பை என்ற இந்தக் காலத்துக் குட்டிக் கம்ப்யூட்டரையும் கலர் கலராக எல்இடியையும் திணித்து மூடுவதற்குப் பேர் மீட்டெடுப்பு என்றால், நான் இத்தனை வருஷமாகச் செய்வதற்கு நீங்களே ஒரு பேர் வையுங்கள்.

என் கைக்கு வந்தபோது அது செத்துத்தான் கிடந்தது. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. இந்த மெஷினோடு வந்த அடாப்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, தனியாகச் சாகாது. உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் போய்விட்டால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏற்றி அனுப்பி, மெமரி சிப்பையும் கூட்டிக்கொண்டு போகும். மல்டிமீட்டர் வைத்தேன், 7-க்குப் பக்கத்தில் காட்டியது. பிரித்துச் சரிபண்ணலாம் என்றால் உள்ளே எப்பாக்ஸியை ஊற்றிப் பாறையாக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தூர வைத்துவிட்டு வேறு பவர் சப்ளை கொடுத்து, எட்டு மெமரி சிப்பிலும் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தேன். ஏழு வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்று சுட்டுவிட்டது. அதற்கு 16 கால். ஒவ்வொரு காலிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் போர்டின் செம்புத் தடம் உரிந்து கையோடு வந்துவிடும். சாக்கெட் வைத்து, வேறு சிப் செருகி, சுவிட்சைப் போட்டேன். நீலத் திரையில் 38911 பைட் மீதி என்று வந்து நின்றது. ராத்திரி இரண்டு மணி. எழுப்பிக் காட்ட ஆளில்லை.

அதைத்தான் இந்த வீடியோ போட்டவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். "ரொம்ப ஆசையா இருக்கு அண்ணா, வெச்சு விளையாடுவேன்" என்றார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காதோ என்னவோ.

இதில் கொடுமை என்ன தெரியுமா? காலிக் கூடு என்னிடமே இரண்டு கிடக்கிறது. ஒன்றில் போர்டே கிடையாது, இன்னொன்றில் இருப்பது அரித்துப்போன போர்டு. கேட்டிருந்தால் துடைத்துக் கொடுத்திருப்பேன். அதில் எல்இடி என்ன, மீனே வளர்க்கட்டும். செத்த மெஷினை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். இது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் போர்டில் சத்தம் எழுப்புவதற்கென்றே சிட் என்று ஒரு சிப் இருக்கிறது. பாப் யான்னஸ் வடிவமைத்தது, 1982-இல் இந்த மெஷினோடு வந்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல், தொனியை மாற்ற ஒரு அனலாக் ஃபில்டர். அந்த ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறும். ஒரே பாட்டு இரண்டு மெஷினில் இரண்டு விதமாகக் கேட்கும். 6581 என்ற முதல் வகையில் ஒரு குறை வேறு, சத்த அளவை மாற்றினால் 'டிக்' என்று கேட்கும். அதற்குப் புரோகிராம் எழுதிய பசங்கள் அந்தக் குறையையே பிடித்துக்கொண்டார்கள். விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சத்த அளவை மாற்றி, அந்த டிக்கிலிருந்தே டிரம்மையும் மனிதக் குரலையும் வரவழைத்தார்கள். பிறகு வந்த 8580-இல் குறையைச் சரிசெய்தார்கள், பழைய பாட்டுகளில் டிரம் அமுங்கிப்போனது! கமடோர் 1994-இல் திவாலானது. இனி அந்தச் சிப்பை அவர்கள் செய்யப்போவதில்லை. வேறு சிப்பின் மேல் எண்ணைச் சுரண்டி 6581 என்று அச்சடித்து விற்கும் ஆட்கள்தான் மிச்சம்.

வீடியோவில் அந்தப் போர்டு நாலு விநாடி வருகிறது. தரையில், தலைகீழாக.

"அவர் பொருள், அவர் இஷ்டம்" என்பீர்கள். சரி. கொடுத்த பிறகு எனக்கு உரிமை இல்லை. தலைப்பை மாற்றச் சொல்லலாம் இல்லையா?

"எமுலேட்டர்லயே எல்லாம் ஓடுதே." நானும் எமுலேட்டரில், அதாவது பழைய மெஷின் மாதிரி நடிக்கும் புரோகிராமில், விளையாடுகிறவன்தான். அதை எழுதியவர்கள் சரியாக வந்திருக்கிறதா என்று எதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? அசல் சிப்பை வைத்துத்தான். எல்லோரும் அசலைத் தரையில் போட்டால் அடுத்து எழுதுகிறவன் எதை வைத்துப் பார்ப்பான்?

"பழைய இரும்புக்கு இவ்வளவு அழுகையா" என்கிறவர்களுக்கு வணக்கம்.

"நீங்களும்தானே கெப்பாசிட்டரை மாத்தறீங்க, அப்ப உங்களுதும் அசல் இல்லையே" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து கேட்டார். புத்திசாலி. ஐயா, கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி டப்பா, அதற்குள் இருப்பது திரவம், ஒழுகும். ஆப்பிளின் பழைய கம்ப்யூட்டரான மேக் எஸ்இ/30-இன் போர்டைத் தொட்டவர்களுக்குத் தெரியும், சால்டரிங் அயர்னை வைத்த மாத்திரத்தில் மீன் நாற்றம் அடிக்கும். அந்த ஒழுகல் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும், மாற்றாவிட்டால் போர்டு போச்சு. கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடக்கும், விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அதையும் மாற்றத்தான் வேண்டும். செருப்புக்கு வார் மாற்றுவதும் காலை வெட்டுவதும் ஒன்றா?

சரி, நானும் யோக்கியன் இல்லை. என்னிடமிருந்த இன்னொரு பழைய கம்ப்யூட்டர், அமிகா 500, அதன் மேல்மூடி மஞ்சளடித்திருந்தது. தீப்பிடிக்காமலிருக்க அந்தப் பிளாஸ்டிக்கில் புரோமின் கலந்திருப்பார்கள், வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் மாறிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, வெயிலில் வைத்தேன். தாள் சுருங்கிய இடமெல்லாம் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டு. கெடுத்தவன் நான்தான். ஆனால் அதற்குப் புல்லாங்குழல் போட்டு வீடியோ போடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

எனக்கு ஈயம் வைக்கக் கற்றுக்கொடுத்தது சித்தப்பா. ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அவர் மேஜையில் மூடி தொலைந்த டப்பா ஒன்று இருக்கும். கழற்றிய எல்லாம் அதற்குள் போகும், வளைந்த ஸ்குரூ வரைக்கும். "கழட்டினதைத் தூக்கிப் போட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்பார். ஒருநாள் எரிந்துபோன டிரான்சிஸ்டர்தானே என்று நான் ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். மேலே இருந்த எண்ணைப் பார்க்காமல் மாற்று வாங்க முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு புல்லுக்குள் தேடினோம். கையை ஒடிக்கவில்லை. அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

வீடியோ போட்டவருக்கு மெசேஜ் போட்டேன். திட்டவில்லை, சத்தியமாகத் திட்டவில்லை. "தம்பி, போர்டு எங்கே?" என்று மட்டும் கேட்டேன். பார்த்தார். பதில் இல்லை. இன்று காலையில் என்னை பிளாக் செய்திருக்கிறார்.

அவருக்கு நெருக்கமானவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். போர்டின் நடுவாக்கில் 28 கால் சிப் ஒன்று, மேலே 6581 என்று எழுதியிருக்கும். குப்பைக்குப் போகாமல் இருந்தால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கூடு அவரிடமே இருக்கட்டும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.