ஹெட்போனில் கோளாறு இல்லை

‘பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்’ இசையை முதல் தடவை கேட்டபோது பாதியில் ஹெட்போனைக் கழற்றி வயரை ஆட்டிப் பார்த்தேன். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிபடாமல் முள் நடுவில் நின்றால் ஒரு இரைச்சல் வருமே, அதேதான். ஆனால் கோளாறு எதுவும் இல்லை. 34 பேர் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் வைத்துக்கொண்டு அந்த இரைச்சலை வாசிக்கிறார்கள்! எழுதியவர் ரேடியோஹெட் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட். 2005இல், பிபிசி கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதியது.

ராக் ஆட்கள் ஆர்கெஸ்ட்ரா பக்கம் போனாலே எனக்குக் கொஞ்சம் பயம். பாட்டு அதே பாட்டாகத்தான் இருக்கும், பின்னால் வயலின்களை மெத்தை மாதிரி விரித்துவிடுவார்கள். டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஜான் லார்ட் 1969இல் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க எழுதிய கான்செர்ட்டோ எனக்குப் பிடிக்கும் (அதில் அவர் வாசிக்கும் ஆர்கனுக்காக). அதிலும் முதல் பகுதியில் ராக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சம்பந்தி வீட்டார் போலத்தான். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் மரியாதையாகக் காத்திருப்பார்.

கிரீன்வுட் அங்கே விருந்தாளியாகப் போகவில்லை. சின்ன வயதிலேயே இளைஞர் ஆர்கெஸ்ட்ராவில் வியோலா வாசித்தவர். அதனால்தானோ என்னவோ, வில் பிடித்த ஒவ்வொரு கைக்கும் தனி வேலை கொடுக்கிறார். ஒருவர் ஒரு ஸ்வரத்தில் நிற்க, பக்கத்தில் இருப்பவர் அதிலிருந்து மெல்ல நழுவுகிறார். எல்லாம் சேரும்போதுதான் அந்த இரைச்சல்.

இது பெண்டெரெட்ஸ்கியின் காப்பி என்று சொல்பவர்கள் உண்டு. போலந்து இசையமைப்பாளரான அவர் கிரீன்வுட்டின் ஆதர்சம்தான், மறுப்பதற்கில்லை. ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கு அவர் சமர்ப்பித்த 1960ஆம் ஆண்டு இசையில் 52 தந்தி வாத்தியங்கள். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற கட்டைக்கு அந்தப் பக்கம்கூட வில்லைப் போடச் சொல்லியிருப்பார். கேட்டால் பல் கூசும். கிரீன்வுட்டின் இரைச்சலுக்குள் காது கொடுத்தால் இனிமையான ஹார்மனி ஒன்று தலை நீட்டும், மறுபடி மூழ்கும். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

2007இல் ஒரு படத்துக்கு அவர் இசையமைத்தபோது இதிலிருந்து சில பகுதிகளை எடுத்துப் போட்டார். ஏற்கெனவே எழுதிய இசை கலந்திருக்கிறது என்று ஆஸ்கர் போட்டியில் சேர்க்கவில்லை. சரி, போகட்டும்.

எனக்கு அதைவிட முக்கியம் 2012இல் இருவரின் இசையும் சேர்ந்து வந்த ஆல்பம். பெண்டெரெட்ஸ்கியின் ‘பாலிமார்ஃபியா’ முழுக்கக் கீறலும் வழுக்கலும். கடைசியில் மட்டும் திடுதிப்பென்று சுத்தமான ஒரு சி மேஜர் கார்ட் (சில ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) வந்து நிற்கும். கிரீன்வுட் அந்தக் கார்டைத்தான் எடுத்துக்கொண்டு தன் பதில் இசையைத் தொடங்குகிறார். கிட்டார் கற்க உட்கார்ந்தவுடன் விரல் வலிக்க வலிக்கப் பிடிப்போமே, அதே சி மேஜர்.