உலுருவை மூடிவிட்டார்களா? மூடியது ஏறும் பாதையை மட்டுமே

ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கும் உலுரு செம்பாறையைப் "பழங்குடியினர் மூடிவிட்டார்கள், இனி வெளியாட்கள் யாரும் போக முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. 2019 அக்டோபர் 26 முதல் தடை செய்யப்பட்டது பாறை மீது ஏறுவது மட்டும்தான். உலுரு இருக்கும் தேசியப் பூங்கா திறந்தே இருக்கிறது.

பாறையைச் சுற்றி வர 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைபாதை உண்டு. முட்டிஜுலு நீர்நிலை வரை போய் நிழலில் உட்காரலாம். வழியில் சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும்; அவை இப்பகுதிப் பழங்குடியினரான அனாங்கு மக்களின் புனித இடங்கள். நடக்கலாம், பார்க்கலாம், கேமரா மட்டும் பைக்குள். நம் ஊர்க் கருவறை முன் செல்போனை உள்ளே வைப்பவர்களுக்கு இது புரியாததா என்ன?

ஏறுவதற்கான தடையைத் "திடீர் முடிவு" என்று சொல்வதும் சரியல்ல. 1985-லேயே நிலம் அனாங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவுக்கே விட்டார்கள். ஏற வேண்டாம் என்று பல ஆண்டுகள் வேண்டுகோளாகவே சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஏறும் பாதை, அவர்கள் கதைகளில் வரும் மாலா என்ற மூதாதையர் உலுருவுக்கு வந்தபோது சென்ற வழி என்பது அவர்கள் நம்பிக்கை. ஏறியவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் அவர்களுக்குப் பெரும் துயரம். 2017-இல்தான் பூங்கா நிர்வாகக் குழு ஒருமனதாகத் தடையை முடிவு செய்தது.

அனுமதி பெற்றே நுழைய வேண்டிய இடம் ஒன்று உண்டு: மக்கள் குடியிருக்கும் முட்டிஜுலு ஊர். அது சுற்றுலாத் தலமல்ல, வீடுகள்.