ரோடு உங்க அப்பன் வீட்டுக் களமா?

ரோட்டில் நெல் காயவைக்கிற ஒரு அம்மாவை ஒருத்தன் திட்டுகிற அந்த வீடியோவை நேற்றிலிருந்து 11 பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேர் சிரிக்கிற பொம்மையோடு. "உங்க ஊர்க்காரங்க திருந்தவே மாட்டாங்களா சார்?" என்று கேட்டவர் பத்து வருஷமாக என்னோடு ஒரே மேசையில் டிபன் பாக்ஸ் திறக்கிறவர். சரி, பேசிவிடுவோம்.

காரை நிறுத்தி, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி, நெல் துழாவிக்கொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்து "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுக் களமா?" என்று கேட்கிறானே அந்தப் பையன், அதற்குத்தான் அத்தனை லைக். அந்தம்மா பதில் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காலால் சால் போட ஆரம்பித்துவிட்டது. வாயில்லாமல் இல்லை. வெயில் போய்விடும்.

ஆசைப்பட்டு யாரும் நெல்லை ரோட்டில் கொட்டுவதில்லை. கொட்ட வைப்பது 17 என்கிற எண். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் தொடமாட்டார்கள். குறுவை என்கிற குறுகிய கால நெல்லுக்கு அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். மழையும் அப்போதுதான். மழை கெடுக்கிற வருஷங்களில் தளர்வு கேட்டுக் கடிதம் போகும், மத்தியக் குழு வரும், நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், போட்டோ எடுக்கும். நெல் அதற்காகக் காத்திருக்காது, முளைத்துவிடும்.

17 வீம்புக்கு வைத்த எண் இல்லை. நெல் மூச்சு விடுகிற விதை. ஈரம் கூடினால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் சூடு ஏறும். ஈர நெல்லைக் குவித்து ஒரு நாள் கழித்து முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். அப்புறம் பூஞ்சை, பழுப்பு, முளை. ஆகவே காயவைக்கத்தான் வேண்டும். எங்கே?

எங்கள் அப்பாயிக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அரிவாளால் அறுத்து, அரியை வயலிலேயே போட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, மாடு விட்டுப் போரடித்து, தூற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பாதி ஈரம் வழியிலேயே போயிருக்கும். அப்பாயி ஒரு நெல்லைக் கடவாய்ப் பல்லில் வைக்கும். 'கடுக்'கென்றால் பத்தாயத்துக்கு. நசுங்கினால் இன்னொரு வெயில். இன்றைக்கு அறுக்க ஆள் கிடையாது, பெல்ட் போட்ட அறுவடை மிஷின்தான். பச்சைத் தாளிலிருந்து உருவி அப்படியே டிராக்டரில் கொட்டிவிட்டுப் போகிறது. ஈரம் 20, 22 சதவீதம், மழை நனைத்திருந்தால் அதற்கும் மேல். மிஷின் மிச்சம் பிடித்த நேரத்தை ஈரம் வாங்கிக்கொள்கிறது.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், வாத்தியார் புத்தி. ஏக்கருக்கு இரண்டு டன் என்று வையுங்கள். இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஏறக்குறைய 900 சதுர அடி வேண்டும். நீங்கள் இருபது வருஷம் இஎம்ஐ கட்டுகிற டூ பெட்ரூம் பிளாட்டின் அளவு. ஏக்கருக்கு ஒரு பிளாட். எங்கள் ஊரில் இருக்கிற சிமெண்ட் களம் ஒன்று. அறுப்போ ஊர் முழுக்க ஒரே வாரத்தில். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமே போட்டார்கள், நானும் இதே பக்கத்தில் பட்டாசு படம் போட்டேன். நெல் காய இடம் எங்கே என்று அன்றைக்கு எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன குறுவைக்குத் தம்பி நெல்லோடு நானும் நிலையத்துக்குப் போயிருந்தேன். காலையில் மீட்டர் 19.2 காட்டியது. மதியம் வரை கிளறிப் போட்டோம், 18.1. அதே குவியலில் இன்னொரு கை அள்ளிப் போட்டால் 17.4. இன்னொரு கைக்கு 18.6. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இந்தக் கருவி தண்ணீரை நேராக அளப்பதில்லை. நெல்லை மின்புலத்தில் வைத்து அது எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கிறது என்று பார்த்து ஈரத்தைக் கணக்குப் போடுகிறது. அந்தப் பிடிமானத்தைச் சொல்லும் எண், மின்காப்பு மாறிலி, தண்ணீருக்கு 80, காய்ந்த தானியத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அந்த வித்தியாசம்தான் சூட்சுமம். வெயிலில் சுட்ட நெல்லை ஆறவிடாமல் போட்டால் எண் மாறும்" என்றேன். அந்த மனிதர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "வாத்தியாரா சார்?" என்றார். ஆமாம் என்றேன். "நாளைக்கு வாங்க" என்றார்.

ராத்திரி மூட்டைமேல் படுத்தோம். இரண்டு மணிக்குத் தூறல். தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைத் தம்பி பிடிக்க, நடுவில் தண்ணீர் தேங்கித் தொட்டில் கட்டியது. (மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிமுடித்தால் வெயிலே இல்லாமல் ஈரம் இறங்குகிற இடங்களும் உண்டு. அது எந்த இயற்பியல் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

இனி நீங்கள் சொல்லப்போவது தெரியும். நெல்லில் வண்டி சறுக்கி விழுந்து சாகிறார்களே? சாகிறார்கள். ராத்திரியில் நெல்லைச் சுற்றிக் கருங்கல்லை வரிசையாக வைத்துவிட்டுப் போவது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்யாணப் பந்தலுக்கும் கட்சி மேடைக்கும் பாதி ரோட்டை அடைக்கிறபோது உங்களில் எத்தனை பேர் காரை விட்டு இறங்கி "உங்க அப்பன்" என்று ஆரம்பித்தீர்கள்? அங்கே ஆள் பலம் இருக்கும். இங்கே ஒரு கிழவியும் ஒரு கூடையும்.

டிரையர் வாங்கலாமே என்கிறார் ஒரு நண்பர், பெங்களூரிலிருந்து. வாங்கலாம். டிராக்டர் வாடகையையே அறுப்பு முடிந்து கொடுக்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

எனக்குச் சுருக்கென்று குத்தியது விபத்துப் பேச்சு இல்லை. இதே ஆட்கள் தைப் பொங்கலுக்கு 'சோறு போடும் சாமி' என்று எனக்கு ஸ்டிக்கர் அனுப்பினார்கள். மாப்பிள்ளைச் சம்பா எங்கே கிடைக்கும், தூயமல்லி எங்கே கிடைக்கும் என்று என்னைத்தான் கேட்பார்கள். தையில் சாமி, ஐப்பசியில் திருந்தாத ஜென்மம்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ரோட்டை அகலப்படுத்தியபோது வளைவுக்கு மேற்கே எங்கள் களத்துமேட்டில் முக்கால்வாசி போனது. இழப்பீடு கொடுத்தார்கள், பொய் சொல்லக்கூடாது. அப்பா அந்தப் பணத்தில் தங்கச்சிக்கு வளையல் எடுத்தார். ஜல்லி கொட்டிய அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை, ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தம்பி இப்போது நெல் பரப்புவது சரியாக அந்த வளைவில்தான்.

ஆமாம் தம்பி. அப்பன் வீட்டுக் களம்தான்.

வடக்கே இருட்டிக்கொண்டு வருகிறது என்று ஊரிலிருந்து போன். இரண்டு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். கமெண்டுகளுக்கு நாளைக்குத்தான் பதில்.