குணசேகரன் செத்த அன்று பெரியம்மா அழுதது

2023 செப்டெம்பர் 8, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். காலைப் பூசைக்குப் போய் வந்த பெரியம்மா, கால்கூடக் கழுவாமல் முன் விறாந்தையில் குந்திவிட்டார். விபூதிப் பொட்டலம் கையிலேயே இருந்தது. சொந்தத்தில்தான் யாரோ என்று நான் பதறிப்போனேன்.

"குணசேகரன் மோசம் போயிட்டானாம் பிள்ளை."

எந்தக் குணசேகரன் என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் விளங்கியது. சன் ரிவியில் இரவு ஒன்பதரைக்குப் போகும் 'எதிர்நீச்சல்' நாடகத்து மதுரைக்காரன் ஆதி குணசேகரன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி அதற்கும் மேலே போய், "செத்தவீட்டு எட்டுச் செலவு எங்க, இஞ்சயோ மதுரையிலயோ?" என்று கேட்டான். பெரியம்மா அன்று முழுக்க எங்களோடு கதைக்கவில்லை.

இறந்தவர் நடிகர் மாரிமுத்து. தேனிப் பக்கத்து வருசநாட்டுக்காரர். இயக்குநராகும் கனவோடு சென்னைக்கு வந்து, எத்தனையோ வருடம் உதவி இயக்குநராக அலைந்து, 2008இல் ஒன்றும் 2014இல் ஒன்றுமாக இரண்டு படம் இயக்கியவர். அப்போதெல்லாம் அவரை எங்கட ஊரில் யாருக்குத் தெரியும்? 2022 பெப்ரவரியில் இந்த நாடகம் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். அன்று காலையும் அதே நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்ததாம்.

வேடிக்கை என்னவென்றால், குணசேகரன் நல்லவனே இல்லை. படித்த பெண்களை மருமகள்களாக எடுத்துக் குசினிக்குள் அடைத்து வைக்கிறவன். குடும்பச் சொத்தில் அப்பத்தாவுக்கு இருக்கும் நாற்பது வீதப் பங்குக்காக எதுவும் செய்கிறவன். பெரியம்மா அவனைத் திட்டாத இரவு கிடையாது. 2022இல் கரண்ட் வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போன நாட்களில்கூட, விட்டுப்போன பகுதியை மறுநாள் என் போனை வாங்கிப் பார்த்துத் திட்டினார். "உவனுக்கு ஒரு இடி விழாதோ" என்பது அவரது நிரந்தர வசனம்.

அன்றிரவு சாமியறை வாசலில் நின்று அவர் மெல்லக் கேட்டதுதான் என் சிரிப்பை நிறுத்தியது. "நான் பேசின பேச்சுத்தான் அந்த மனிசனுக்குப் பட்டிட்டுதோ பிள்ளை?"

நாடகம் பார்க்கிற பெண்களுக்குப் புத்தி மட்டு, நடிப்புக்கும் நிசத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று பேசுவது நம்மில் பலருக்குச் சுலபமாக வருகிறது. நானும் பேசியிருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சைச் சரியென்று ஏற்கமாட்டேன். பெரியம்மாவுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். 'குணசேகரன்' என்று சொல்லி அழுதவர், குற்ற உணர்வு வந்ததும் 'அந்த மனிசன்' என்றார். அவன் வேறு, இவர் வேறு.

பெரியப்பா கெட்ட மனிதரல்ல. ஆனால் அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம். பெரியம்மாவுக்கு வந்த வாத்தியார் வேலையை, தூரம் என்று சொல்லி விடச்செய்தவர். முப்பத்தெட்டு வருடத்தில் அவருக்கு எதிராக ஒரு சொல் பெரியம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவர் போய்ப் பத்து வருடம் கழித்து, ரிவிக்கு முன்னால் இருந்து, "உனக்கு ஆர்ரா அந்த அதிகாரத்தைத் தந்தது?" என்று கத்திய குரல் எனக்குப் புதிது. யாருக்காக எடுத்துவைத்திருந்த கேள்வி அது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

மாரிமுத்து அதற்கு ஈடுகொடுத்தார். சும்மா முழியை உருட்டுகிற வில்லனில்லை. அந்த "இந்தாம்மா ஏய்" ஒன்றே போதும். அதட்டல், நக்கல், தான் பெரியவன் என்ற நினைப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். அப்படி ஒருவர் எல்லா வீட்டுக் கலியாணப் பந்தியிலும் முன்வரிசையில் இருப்பார், இல்லையா?

இன்னொன்று, இது யாழ்ப்பாணம். இங்கே பாதி உறவு ஸ்கிரீனில்தான் நடக்கிறது. பெரியம்மா தன் பேரனைத் தொட்டுப் பார்த்ததில்லை. கனடாவில் இறந்த தன் தங்கையின் செத்தவீட்டை முழுக்க என் லப்டொப்பில்தான் பார்த்தார், வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு. அப்படி வாழ்கிற மனுசியிடம், ஸ்கிரீனில் வருகிறவன் சொந்தமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

சில வாரங்களில் அதே பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். எழுத்தாளர், தேர்ந்த நடிகர். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பெரியம்மாவுக்கு இன்றுவரை அவர் "மற்றாள்"தான். 2024 ஜூனில் நாடகம் முடிந்து, அந்த டிசம்பரிலேயே அடுத்த பாகமும் தொடங்கிவிட்டது. பார்க்கிறார். திட்டுவதில்லை.

ரொறன்ரோவிலிருக்கும் பெரியம்மாவின் மகன், எங்கட அண்ணன், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில்தான் அழைப்பான். இங்கே சரியாக ஒன்பதரை. முன்பெல்லாம், "பொறு மோனை, நாடகம் முடியட்டும்" என்று வைத்துவிடுவார். இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறார். போன கிழமை அவனே கேட்டானாம், "என்னம்மா, நாடகம் இல்லையோ?" என்று.

"போகுது. நீ கதை."