இறுக்கு, இன்னும் இறுக்கு!

காத்து இறங்குதுன்னு ஏடிவி (காடு மேடு ஓடுற நாலு சக்கர வண்டி) வீலை டயர்க் கடையில குடுத்தா, போல்ட் தலைக்கு மேல சிலிக்கன் பூசிக் குடுத்திருக்காங்க. ரிங்கைச் சுத்தி ஒரு போல்ட் விடாம, வஞ்சகமில்லாம. "லீக் அடைச்சாச்சு சார், இனி காத்து எங்கயும் போகாது"ன்னு வாக்குறுதி வேற. விடிஞ்சு பார்த்தா ஏடிவி ஒரு பக்கமாச் சரிஞ்சு நிக்குது. காத்து போயிருச்சு. சிலிக்கன் மட்டும் இருக்கு, பளபளன்னு.

பாஸ், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த போல்ட்டுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்? பீட்லொக் வீல்ல வெளிப்பக்க பீட், அதாவது டயரோட உள்விளிம்பு, ரிம்முக்கும் அதுமேல போல்ட் போட்ட ரிங்குக்கும் நடுவில நசுங்கி நிக்குது. காத்து அதுக்கு உள்ள, போல்ட் அதுக்கு வெளிய. சோப்புத் தண்ணி ஊத்தினா போல்ட் ஓட்டையில நுரை வருதுன்னா, பீட்டுக்கு அடியில வேற எங்கயோ காத்து நழுவி, ரிங்குக்குப் பின்னால ஓடி வந்து, கிடைச்ச சந்தில தலை நீட்டுதுன்னு அர்த்தம். அதை அடைச்சா பக்கத்துச் சந்து. லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுதுன்னா உள்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை இது.

சிலிக்கனையாவது மன்னிக்கலாம். அதுக்கு முன்னால நடந்த கூத்து இருக்கே, அதை மெதுவா ஓட்டிப் பார்க்கணும். எடுத்த எடுப்பிலயே, டயர்ல காத்து இருக்கும்போதே ரிங் போல்ட்டைக் கழட்டக் கை போகுது. காத்தோட! வால்வுக்குள்ள காத்தை அடைச்சு நிக்கிற கோரைக் கழட்டி, கடைசிச் சீறல் அடங்கினப்புறம்தான் அந்தப் பக்கம் ஸ்பேனரே போகணும். "கொஞ்சக் காத்துத்தானே சார்"ங்கிறாரு. பாதி போல்ட்ல ரிங் தெறிச்சா அந்தக் கொஞ்சக் காத்து மூஞ்சியில எழுதிட்டுப் போகும்.

சரி, அதைத் தடுத்தாச்சு. அடுத்து வருது இம்பேக்ட் கன். லொறி வீல் நட் கழட்டுற அதே கன். கடிகாரத்தில 12 மணி இருக்கிற இடத்து போல்ட்டில வச்சு ட்ர்ர்ர்ர்ர், அடி வரைக்கும். அப்புறம் அதுக்குப் பக்கத்து போல்ட். ட்ர்ர்ர்ர்ர். அதுக்கும் பக்கத்துது. 3 மணிக்கு வர்றதுக்குள்ள 9 மணிப் பக்கம் ரிங் மேல தூக்கிருச்சு. டீ கொண்டு வந்த பொடியனுக்குக்கூடத் தெரியுது, பாஸுக்குத் தெரியல. 6 மணி. ட்ர்ர்ர்ர்ர். ஒரு சுத்து முடிஞ்சப்போ ஒரு பக்கம் ரிங் இடுக்கில பேப்பர் போகல, மற்றப் பக்கம் விரல் நகம் போகுது. நுரை எங்க பொங்கும்? நகம் போற பக்கம்தான். உடனே தீர்ப்பு: "இந்தப் பக்கம் இறுக்கம் பத்தல." திரும்பக் கன். ட்ர்ர்ர்ர்ர், டக். அலுமினிய மரை வழிச்சுக்கிட்டு வந்து போல்ட் சும்மா சுத்துது. "ஒண்ணு இல்லாட்டிப் பரவால்ல சார், மிச்சம் இருக்குதுல்ல." அதுக்கப்புறம்தான் சிலிக்கன் டியூப் வெளிய வருது.

6 மில்லிமீட்டர் போல்ட் அது. சுமாரா 10 நியூட்டன் மீட்டர்தான் அதோட தாங்கும் கணக்கு. வீல் செஞ்சவன் தாள்ல என்ன போட்டிருக்கானோ அதுதான் கடைசி வார்த்தை. லொறிக் கன் அடிக்கிறது நூத்துக்கணக்கில. கையால, டோர்க் ரெஞ்சில (இறுக்குற விசையை, அதாவது டோர்க்கை, அளந்து கிளிக்னு சொல்ற ஸ்பேனர்) செய்ய வேண்டிய வேலை இது. வீலைத் தரையில படுக்க வை, ரிங் பக்கம் மேல. பீட் உக்கார்ற ரிம்மோட படியில அது சுத்திவர ஒரே மாதிரி உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாரு. ஒரு இடத்தில ஏறி நின்னாலும் மேல செய்யப்போற அத்தனையும் வீண். எல்லா போல்ட்டையும் விரலால ஏத்து. அப்புறம் 12, 6, 3, 9ன்னு எதிரெதிரா, ஒரு தடவைக்குக் கொஞ்சமா. பாதி டோர்க்ல ஒரு சுத்து, முழு டோர்க்ல ஒரு சுத்து, கடைசியா வரிசையா ஒரு சுத்து சரிபார்ப்பு. இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் காத்து. முதல் ஓட்டம் ஓடி வந்தா ரப்பர் நசுங்கி போல்ட் தளர்ந்திருக்கும், திரும்ப ரெஞ்ச் வைக்கணும். இதை யாராவது சொல்லி அனுப்புறாங்களா?

சரியான டோர்க் வந்தும் லீக் ஆகும். அங்கதான் இந்த "இறுக்கு" கோஷ்டி முழிக்கும். பீட் மெல்லிசா இருந்து படி ஆழமா இருந்தா, ரப்பரை நசுக்குறதுக்கு முன்னாலயே ரிங் ரிம்மில முட்டிக்கும். உலோகத்தை உலோகம் இறுக்குது, ரெஞ்சும் கிளிக்னு சொல்லுது, பீட் உள்ள சுகமா ஆடுது. பஜார் ஹார்ட்வெயார்ல கிடைச்ச நீளமான போல்ட்டைப் போட்டாலும் இதே கதை: அடி மூடின ஓட்டையில போல்ட் நுனி போய் முட்டி நிக்கும், ரிங் நகராது. இன்னொண்ணு, கல்லுல அடிபட்டு வளைஞ்ச ரிங். தட்டையான கண்ணாடி மேல வச்சுப் பாருங்க, ஆடினா தூக்கிப் போட்டுட்டு வேற ரிங் வாங்குங்க. சுத்தியலால தட்டி நிமித்துற வித்தை வேண்டாம். புது டயரா இருந்தா பீட்டுல அச்சில வார்த்த ரப்பர் மயிர் நீட்டிக்கிட்டு இருக்கும், பிளேடால மட்டமாச் சீவணும். அதையும் யாரும் செய்றதில்ல.

அதை விடுங்க. காத்து வெளிப்பக்கம்தான் போகுதுன்னு எவன் சொன்னது? ஏடிவி வீல்ல அனேகமா வெளிப்பக்க பீட்டுக்குத்தான் லொக். உள்பக்க பீட் சாதாரண வீல் மாதிரி காத்தோட அழுத்தத்தில மட்டும் நிக்குது, அதுவும் 5 பி.எஸ்.ஐ.ல. நம்ம ஊர்க் களிமண் அங்க ஒரு மெல்லிய படலமா ஏறிக் காஞ்சா போதும். இல்லாட்டி, வருசம் முழுக்க ஈரத்தில நிக்கிற அலுமினியம் வெள்ளையாப் பூத்துப்போய் பெயின்ட் உரியும். வீலைக் கழட்டித் தண்ணித் தொட்டியில அமுக்கினா ரெண்டு நிமிசத்தில தெரியும். முதல்ல போல்ட் குழிகள்ல சிக்கின காத்து குமிழ் விடும், அது லீக் இல்ல, பொறுத்துப் பாக்கணும். அது அடங்கினப்புறமும் விடாம ஒரே இடத்தில இருந்து வர்ற குமிழ்தான் குற்றவாளி. ஓடுற அழுத்தத்தில ஒரு தடவை, டயர்ப் பக்கத்தில எழுதியிருக்கிற எல்லை தாண்டாம கொஞ்சம் கூட்டி ஒரு தடவை. சில உள்பீட் லீக் காத்து கூடினா ஒட்டிக்கிட்டு ஒளிஞ்சுக்கும். அப்படியே வால்வை நாலு பக்கமும் வளைச்சுப் பாருங்க, அடி ரப்பர் வெடிச்சிருந்தா அப்பத்தான் வாய் திறக்கும்.

உள்பீட்னு தெரிஞ்சா பீட்டை இறக்கி, ரிம்மைத் தேச்சு உலோகம் வழவழன்னு வர்ற வரைக்கும் சுத்தம் பண்ணி, கறுப்பு பீட் சீலர் மெல்லிசா ஒரு பூச்சு. கிரீஸ் இல்ல! ஒயில் ரப்பரைத் தின்னும். ஏத்துறதுக்கு வழுக்கல் வேணும்னா சோப்புத் தண்ணி போதும். இன்னும் சில பேரு டயருக்குள்ள பச்சைத் திரவத்தை ஊத்தி விடுறாங்க. கவ்வாத்துக் கம்பு குத்தின ஓட்டைக்கு அது சரி, நடுத்தடத்தில இருக்கும். சக்கரம் சுத்தும்போது திரவம் எல்லாம் வெளிவட்டத்துக்குத்தானே ஓடும்? ரிம்மோரத்து லீக்குக்கு அது எப்படி வரும்? அடுத்த தடவை டயரைக் கழட்டுறவன் கையெல்லாம் பச்சை, அவ்வளவுதான் லாபம்.

இதுல இன்னொரு வேடிக்கை, லீக்கே இல்லாத லீக். பகல்ல 20 டிகிரில 5 பி.எஸ்.ஐ. வச்சா, ஜனவரி விடியல்ல நுவரெலியாவில 5 டிகிரிக்கு இறங்கும்போது கேஜ் 4க்குக் கிட்டக் காட்டும். குளிர்ல காத்து சுருங்கினது அது. அதே மாதிரி 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில 6 வச்சு லொறியில ஏத்திக் கம்பளைக்கு இறக்கிப் பாருங்க, 5க்கும் கீழ நிக்கும். கீழ வெளிக்காத்தோட அழுத்தம் கூட, கேஜ் காட்டுறது வித்தியாசத்தைத்தான். டயர்ல இருந்து ஒரு மூச்சுகூடப் போகல. ஆனா கடைக்குப் போனா? ட்ர்ர்ர்ர்ர். பெற்றோல் ஷெட் கேஜை நம்புறவங்களுக்கு இதுவும் தெரியாது, அந்தப் பெரிய முள்ளுக்கு 4ம் ஒண்ணுதான் 8ம் ஒண்ணுதான். 15 வரைக்கும் மட்டும் காட்டுற சின்ன கேஜ் ஒண்ணு வாங்கி வண்டியிலயே போட்டு வைங்க.

கத்திக் கத்தித் தொண்டைதான் போச்சு. கடைசியில எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த மனுசன், "அப்போ இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாப்போமா சார்?"ங்கிறாரு. சிரிக்காம என்ன செய்ய.

பில்லுக்கு மீதி 20 ரூபா வரணும். சில்லறை இல்லயாம், கல்லாவில இருந்த அக்கா ரெண்டு டொபியை எடுத்து வைக்கிறாங்க. இது எந்த ஊர் நியாயம்? நாளைக்கு ஹட்டன் பஸ்ல டிக்கட்டுக்கு டொபி நீட்டினா கண்டக்டர் வாங்கிக்குவாரா? கரண்ட் பில்லுக்கு வாங்கிக்குவாங்களா? அதுவும் இஞ்சி டொபி!